கோப்போடு போகாத குறிப்பு

2007ஆம் ஆண்டு மாசி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை, மாலை நாலே முக்காலுக்கு அந்தக் கோப்பைப் பெங்களூருக்கு அனுப்பினேன். நேரத்தை அன்றே குறிப்பேட்டில் எழுதியிருக்கிறேன். அதன் கீழே ஒரு கணக்கும் இருக்கிறது: தூண்கள் இருபத்துநாலு, தரைமட்டத்து உத்தரங்கள் முப்பத்தெட்டு, மேல்தளத்து உத்தரங்கள் முப்பத்தெட்டு, படிக்கட்டு ஒன்று. அனுப்புவதற்கு முன்னும் எண்ணினேன். அனுப்பிய பிறகு அதே கோப்பை வேறொரு மென்பொருளில் திறந்து மறுபடியும் எண்ணினேன். ஒன்றும் குறையவில்லை. 'எல்லாம் சரி' என்று எழுதி அடிக்கோடு இட்டிருக்கிறேன்.

எங்கள் அலுவலகம் ராயபுரத்தில் கல்மண்டபம் பக்கம் ஒரு கட்டடத்தின் இரண்டாம் மாடியில் இருந்தது. கீழே படகுகளுக்குக் கயிறும் தார்ப்பாயும் விற்கிற கடை. ஜன்னலைச் சாத்தினால் புழுக்கம், திறந்தால் துறைமுகத்து நிலக்கரித் தூள் விசைப்பலகையில் படியும். நாங்கள் ஏழு பேர். கட்டடங்களின் தூண், உத்தரம், கம்பி ஆகியவற்றை வரைந்து கொடுப்பது எங்கள் தொழில். கட்டடத்தின் தோற்றம், அறைகள், சுவர்கள், தரை எல்லாம் கட்டடக்கலை அலுவலகத்தின் பொறுப்பு. அவர்கள் வரைந்ததற்குள் எலும்புக்கூட்டை நிறுத்துவது எங்கள் பொறுப்பு.

2005 வரை எங்களுக்குள் தாள்தான் போய்வந்தது. பிறகு கோடு போடுவது நின்று, கணினிக்குள் கட்டடத்தையே முப்பரிமாணத்தில் கட்டுகிற முறை வந்தது. அதை நாங்கள் மாடல் என்போம். அதில் தூண் என்பது நாலு கோடு அல்ல. தான் தூண் என்பதும், எந்த மாடியில் நிற்கிறது என்பதும், எந்தக் கலவையால் ஆனது என்பதும் அதற்குத் தெரியும். தொல்லை என்னவென்றால் அவர்கள் வைத்திருந்த மென்பொருள் ஒன்று, எங்களுடையது வேறு. ஒன்றின் கோப்பை மற்றொன்று திறக்காது. இந்தத் தொல்லைக்காகவே எந்த ஒரு கம்பெனிக்கும் சொந்தமில்லாத பொதுவான வடிவம் ஒன்று இருந்தது. ஐ.எஃப்.சி. என்று பெயர். எந்த மென்பொருளும் அதில் எழுதலாம், எந்த மென்பொருளும் அதைப் படிக்கலாம்.

எனக்கு அதன்மேல் ஒரு மோகமே இருந்தது. அதைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் அச்செடுத்துத் திருவொற்றியூர் போகும் ரயிலில் படிப்பேன். வழியெல்லாம் பக்கத்துச் சாலையில் துறைமுகத்துக்குப் போகும் டிரெய்லர்கள் வரிசைகட்டி நிற்கும். அவற்றின் மேலிருக்கும் கண்டெய்னர் பெட்டிகள் எந்த நாட்டில் செய்ததானாலும் நாலு மூலையும் ஒரே அளவு, எந்த வண்டியிலும் உட்காரும். எங்கள் தொழிலுக்கும் அப்படி ஒரு பெட்டி கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். பெட்டிக்குள் ஏற்றியதுதான் போய்ச்சேரும், பெட்டிக்கு வெளியே வைத்தது கிடங்கிலேயே கிடக்கும் என்பதை நினைக்கவில்லை.

அந்த முறை எங்களிடம் வந்த கட்டடம் சிறியது. எண்ணூர் கழிமுகத்தை ஒட்டிய ஒரு மீனவர் குப்பத்துக்கு, பக்கத்தில் இடம் எடுத்துக்கொண்ட ஒரு நிறுவனம் கட்டித்தர ஒப்புக்கொண்ட சமுதாயக்கூடம். கீழே வலையும் படகு எஞ்சினும் வைக்க இடம், மேலே கல்யாணம் காட்சி நடத்தவும் புயல் நாளில் ஒதுங்கவும் கூடம். இதற்கு மாடல் எதற்கு என்று எங்கள் முதலாளியே கேட்டார். அடுத்து துறைமுகத்துக்குப் பக்கத்தில் பெரிய கிடங்கு வேலை வருகிறது, அதற்கு முன் சின்னதில் பழகிக்கொள்வோம் என்று பெங்களூர்க் கட்டடக்கலை அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். கிடங்கு வேலைக்கு என்னை ஒருங்கிணைப்பாளராகப் போடுவதாக முதலாளி சொல்லியிருந்தார்.

கூடத்தின் மாடலைச் செய்தவள் அந்தக் குப்பத்துப் பெண்ணேதான். ஐ.டி.ஐ.யில் வரைவாளர் படிப்பு முடித்து எங்களிடம் ஒப்பந்தத்தில் சேர்ந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. தினமும் எண்ணூரிலிருந்து பஸ்ஸில் வருவாள். தற்செயலாகத்தான் அந்த வேலை எங்களுக்கு வந்தது, ஆனால் அவளுக்கு அது தற்செயலாக இல்லை. நிறுவனம் காட்டிய இடம் ஓடைப் பக்கம். அமாவாசை, பௌர்ணமி ஓதத்தில் தண்ணீர் ஏறும் இடம் என்று ஊர்ப் பஞ்சாயத்தில் யாருக்கும் அதில் சம்மதமில்லை. இவள் அங்கே எழுந்து நின்று, படம் போடுவதே எங்கள் ஆபீஸ்தான், தரையை உயர்த்தி வைக்கச் சொல்வது என் பொறுப்பு என்று சொல்லியிருக்கிறாள். பெண்கள் அந்த இடத்தில் பேசுகிற வழக்கமில்லை. அவளுடைய பெரியப்பா பஞ்சாயத்தில் ஒருவர். அவள் வார்த்தையை நம்பி, அவர் சொல்லி, எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள்.

பெங்களூரிலிருந்து வந்த மாடலைத் திறந்த அன்றே அவள் என் மேசைக்கு வந்தாள்.

"அண்ணா, இவங்க தரைய பாத்தியா? ஓதம் ஏறுச்சுன்னா உள்ள மீன் பிடிக்கலாம்."

"எவ்ளோ ஒசத்தணும்?"

"ஒன்ற அடி. எங்க பெரியப்பா கம்பு நட்டு அளந்து குடுத்துகிறாரு. நான் ஒண்ணு பண்றேன், நம்ம பீமையெல்லாம் ஒன்ற அடி ஏத்தி வெச்சுடறேன். அவங்க தரையில போயி இடிக்கும். இடிச்சா இன்னாடா இதுன்னு பாப்பாங்க இல்ல?"

"அவங்க தரைம்மா அது. நாம தொடக்கூடாது. இடிச்சா நம்ம மாடல் தப்புன்னு திருப்பி அனுப்புவாங்க. கிளவுட் போட்டு எழுதிடு."

"எழுதுனா படிப்பாங்களா?"

"படிக்காம? இத்தன வருஷமா படிச்சிகினுதானே இருக்காங்க."

கிளவுட் என்பது தாள் காலத்து வழக்கம். அடுத்தவர் பொறுப்பில் ஒரு தவறு தெரிந்தால் அதை நாம் திருத்தக்கூடாது. அந்த இடத்தைச் சுற்றிச் சிவப்பில் மேகம்போல வளைத்து, பக்கத்தில் குறிப்பு எழுத வேண்டும். தாள் அங்கே போகும், அவர்கள் பதில் எழுதியாக வேண்டும், பதில் வராத தாளில் ஒருவரும் கையொப்பம் இட மாட்டார்கள். நான் அந்த அலுவலகத்தில் சேர்ந்த நாளிலிருந்து இந்த ஒழுங்கைப் பிடிவாதமாகக் காத்தவன். அவள் நான் சொன்னபடியே செய்தாள். தரைமட்டத்துப் படத்தில் கூடத்தைச் சுற்றிச் சிவப்பு மேகம் வரைந்து, ஓத நீர் எவ்வளவு ஏறும், தரையை எவ்வளவு உயர்த்த வேண்டும், யார் எப்படி அளந்தது எல்லாவற்றையும் நாலு வரியில் எழுதினாள். நான் படித்துப் பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறது என்றேன்.

தாள் எதுவும் வேண்டாம், மாடல் மட்டும் போதும் என்று பெங்களூரிலிருந்து எழுதியிருந்தார்கள். எனக்கு அது பெருமையாக இருந்தது. அந்தச் செவ்வாய்க்கிழமை கோப்பை அனுப்பினேன்.

பங்குனியில் அஸ்திவாரம் தோண்டினார்கள். வேலை மெதுவாக நடந்தது. ஆடியில் தரைமட்டத்து உத்தரங்களை வார்த்து, சுவரை ஜன்னல் மட்டம்வரை எழுப்பியிருந்தார்கள். இடத்தைச் சுற்றி மறைத்திருந்த பலகைகளைப் பிரித்த அன்று மாலை அவள் வீட்டுக்குப் போகிற வழியில் பார்த்திருக்கிறாள். ஒன்றரை அடி உயரவில்லை. சைட் மேற்பார்வையாளரிடம் கேட்டாள். அவர் பெங்களூர்ப் படத்தை விரித்துக் காட்டினார். அதில் பழைய மட்டமே இருந்தது.

மறுநாள் காலை அலுவலகத்தில் எல்லோர் முன்னாலும் அவள் பெங்களூருக்குப் போன் போட்டாள். முதலாளி ஸ்பீக்கரைப் போடச் சொன்னார்.

"உங்க மாடல்ல அப்படி எந்த நோட்டும் எங்களுக்கு வரலைங்க மேடம்," என்றது அங்கிருந்த குரல்.

"எழுதிகீறேன் சார். செவப்புல கிளவுட் போட்டு எழுதிகீறேன். இதோ ஸ்கிரீன்ல கீது."

"உங்க ஸ்கிரீன்ல இருக்கலாம். எங்களுக்கு வந்ததுல இல்ல."

"இல்லன்னா எங்க போச்சு? நீங்க அழிச்சிட்டு எங்கள கேக்கறீங்க."

அந்தப் பக்கம் போனை வைத்துவிட்டார்கள். முதலாளி அவளுடைய திரையில் சிவப்பு மேகத்தைக் குனிந்து பார்த்தார். அப்புறம் என் பக்கம் திரும்பினார்.

"நீதானே அனுப்பின? சரியா போச்சா?"

"எண்ணிப் பாத்துதான் சார் அனுப்பினேன்."

நான் சொன்னதில் பொய் இல்லை. அன்று மாலை எல்லோரும் கிளம்பியபின், அனுப்பிய கோப்பின் பிரதியைச் சாதாரண எழுத்துக் கோப்பாகத் திறந்தேன். ஐ.எஃப்.சி.யின் நல்ல குணம் அது, வெறும் கண்ணால் வாசிக்கலாம். வரிக்கு ஓர் எண். ஒவ்வொரு தூணுக்கும் இருபத்திரண்டு எழுத்தில் ஓர் அடையாளம், அதன் பெயர், அதன் இடம், அதன் உருவம். பட்டா புத்தகம்போல வரிவரியாகப் போயிற்று. ஓதம், தரை, உயர்த்துக என்று அவள் எழுதிய ஆங்கிலச் சொற்களைத் தேடினேன். ஒன்றும் இல்லை. பிறகு ஒரு புதிய மாடலில் ஒரு தூணை நிறுத்தி, சுற்றி மேகம் வரைந்து, எழுதி, பொது வடிவத்தில் சேமித்து, திறந்து பார்த்தேன். தூண் இருந்தது. மேகம் இல்லை. மூன்று முறை செய்தேன்.

விஷயம் மிகச் சாதாரணமானது. குறிப்பு இருந்தது படத்தின் மேல். கோப்பில் போனது பொருள்கள். தூணும் உத்தரமும் பொருள், அவற்றின்மேல் எழுதிய மை பொருள் அல்ல. அதே நாலு வரியை உத்தரத்தின் விவரங்களுக்குள் எழுதியிருந்தாலாவது போயிருக்க வாய்ப்பு உண்டு. அவள் சொன்னபடி உத்தரத்தை உயர்த்தி வைத்திருந்தால் கட்டாயம் போயிருக்கும், தரையில் இடித்திருக்கும், அவர்கள் பார்த்திருப்பார்கள். நான்தான் தடுத்தேன். நான்தான் கோப்பில் இருந்ததை எண்ணினேன், இல்லாததைத் தேடவில்லை.

அந்த மாலையின் பக்கத்தில் மூன்று சோதனைகளையும் எழுதி, முடிவையும் எழுதியிருக்கிறேன். ஆடி மாதம், வியாழக்கிழமை. அப்போது சுவர் ஜன்னல் மட்டத்தில்தான் இருந்தது. கூரை போடவில்லை. ஒரு சொல் சொல்லியிருந்தால் மண் அடித்துத் தரையை உயர்த்தி, ஜன்னலையும் கதவையும் மாற்றி வைத்திருக்கலாம். செலவு கொஞ்சம், அவமானம் எனக்கு. நான் குறிப்பேட்டை மூடிப் பையில் வைத்துக்கொண்டு ரயிலுக்குப் போனேன்.

மறுநாள் சொல்லலாம் என்று நினைத்தேன். மறுநாளுக்குள் பெங்களூரிலிருந்து கடிதம் வந்துவிட்டது. உங்கள் ஊழியர் ஒருவர் ஆதாரமில்லாமல் குற்றம் சாட்டினார், அவரை இனி எங்கள் வேலைகளில் வைக்க வேண்டாம் என்று கேட்டிருந்தார்கள். கிடங்கு வேலை அவர்கள் கையில் இருந்தது. ஆவணி மாதக் கடைசியில் அவளுடைய ஒப்பந்தம் முடிந்தது, முதலாளி புதுப்பிக்கவில்லை.

"வாய வெச்சிகினு சும்மா இருந்திருக்கலாம்ல," என்றார் அவளிடம்.

"எழுதுனது பொய்யா சார்?"

"பொய்யின்னு நான் சொன்னனா?"

அவள் சாப்பாட்டு டப்பாவையும் குடையையும் எடுத்துக்கொண்டாள். போகும்போது என்னிடம், "வரேன் ணா. நீயாவது நம்புறல்ல?" என்று கேட்டாள். நம்புகிறேன் என்றேன்.

ஐப்பசியில் கூடத்தைத் திறந்து குப்பத்தாரிடம் ஒப்படைத்தார்கள். ஒரு வாரத்தில் பௌர்ணமி வந்தது. அதற்கு முந்தின வாரம் மழை பெய்து முகத்துவாரத்து மணல்மேடு அரித்து, ஓதம் ஏற வழி நன்றாகத் திறந்திருந்தது. அடுத்த திங்கட்கிழமை பெங்களூரிலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. கீழ்த்தளத்தில் நீர் புகுந்திருக்கிறது, அஸ்திவாரம் இறங்கியிருக்கிறதா என்று பார்த்துச் சொல்லவும் என்று எழுதி, ஆறு புகைப்படங்கள் இணைத்திருந்தார்கள். அனல்மின் நிலையச் சாம்பல் கலந்த கறுப்புத் தண்ணீர் தூண்களைச் சுற்றி நின்றது. வலைமூட்டைகளின் அடிப்பக்கம் ஊறிக் கிடந்தது. ஓர் எஞ்சினை யாரோ மேசைமேல் தூக்கி வைத்திருந்தார்கள். அஸ்திவாரம் இறங்கவில்லை என்று பதில் எழுதினேன். அது நிச்சயமாகத் தெரிந்ததால் உடனே எழுத முடிந்தது.

அன்று மாலை முதலாளியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஆடியிலேயே தெரியும் என்பதையும் சொன்னேன். அவர் வெகுநேரம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"இப்ப சொல்லி இன்னா பண்ணப்போற? கட்டடம் மேல எழும்பிடுமா? கிடங்கு வேலை அடுத்த மாசம் கையில வருது. பேஜார் பண்ணாத."

என்னை வேலையை விட்டுப் போகச் சொல்லவில்லை. சொல்வார் என்று ஓரளவு எதிர்பார்த்துத்தான் போயிருந்தேன்.

அதற்குப் பிறகும் ஐந்து ஞாயிற்றுக்கிழமைகளைப் போக்கினேன். கார்த்திகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அமாவாசை அன்று, எண்ணூர் பஸ் ஏறினேன். அவள் வீட்டை விசாரித்துப் போனபோது வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். ஒரு கண்டெய்னர் யார்டு வாசலில் வண்டி எண் எழுதுகிற வேலைக்குப் போவதாகச் சொன்னாள்.

"இன்னா ணா, இவ்ளோ தூரம்?"

உட்காராமலேயே சொன்னேன். முறத்தை மடியில் வைத்தபடி கேட்டாள்.

"உனக்கு எப்போ தெரியும்?"

"ஆடியில. நீ போன் பேசின அன்னிக்கு சாயங்காலம்."

"அப்போ செவுரு ஜன்னல் மட்டத்துக்குத்தான் கீது."

"ஆமா."

"நான் போவும்போது உன்ன கேட்டனே."

"ஆமா."

முறத்தைக் கீழே வைத்து எழுந்தாள். "எங்கிட்ட சொல்லாத. அங்க வந்து சொல்லு," என்று சொல்லி முன்னால் நடந்தாள்.

கூடத்தில் அன்றும் கணுக்கால் அளவு தண்ணீர். பெண்கள் சிலர் வலைமூட்டைகளை மேலே ஏற்றிக்கொண்டிருந்தார்கள். படிக்கட்டின் நாலாவது படியில் லுங்கியை மடித்துக் கட்டியபடி அவளுடைய பெரியப்பா உட்கார்ந்திருந்தார். கூட இரண்டு மூன்று பேர் நின்றிருந்தார்கள்.

"யாரு இது?" என்றார் பெரியப்பா அவளைப் பார்க்காமலேயே.

"எங்க ஆபீஸ் அண்ணா. படத்த அனுப்புனவரு."

நான் மென்பொருளிலிருந்து ஆரம்பித்தேன். இரண்டு வாக்கியத்துக்குள் ஒருவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"நைனா, மன்ஷனுக்குப் புரியற மாரி சொல்லு."

"இவங்க எழுதினாங்க. நான் அனுப்பும்போது அவங்க எழுதினது கூடப் போகல. போகலன்னு நான் பாக்கல."

"பெங்களூர்க்காரன் அழிக்கல?"

"இல்ல."

"இவ எழுதுனா?"

"எழுதினாங்க. ஒன்றரை அடின்னு எழுதினாங்க. நீங்க கம்பு நட்டு அளந்ததையும் எழுதினாங்க."

"எண்ணிப் பாத்து அனுப்புனாங்கன்னு இவ அப்போ சொன்னாளே," என்றார் நின்றிருந்தவர்களில் ஒருவர். "இன்னாத்த எண்ணுன நீ?"

"தூணு, பீம்."

"தூணு நிக்குதுபா. தூணுக்கு இன்னா கொறச்சல்."

இரண்டு பேர் சிரித்தார்கள். பெரியப்பா சிரிக்கவில்லை.

"ஆடியில தெரிஞ்சப்பவே வந்து சொல்லியிருந்தா மண்ணடிச்சி ஒசத்தியிருக்கலாம் இல்ல?"

"ஒசத்தியிருக்கலாம்."

அவர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு முதன்முறையாக அவள் பக்கம் திரும்பினார்.

"நீ பொய் சொல்லல. சரி. ஆனா ஊரு கையெழுத்து போட்டது உன் பேச்சக் கேட்டு. இந்த ஆளு பேச்சக் கேட்டு இல்ல."

வலையெல்லாம் இனி மேல்மாடியிலேயே இருக்கட்டும், தையில் வரும் கல்யாணத்துக்குத் திருவொற்றியூரில் மண்டபம் பாருங்கள் என்று அவர் மற்றவர்களிடம் சொன்னார். என்னிடம் எதுவும் கேட்கவில்லை. நான் நின்ற இடத்திலேயே நின்றேன். அவள்தான் வா என்று தலையசைத்து, சாலைவரைக்கும் கூட வந்தாள்.

"அஞ்சரைக்கு ஒரு பஸ் கீது. அத்த உட்டா டிரெய்லருங்க பின்னாடி மாட்டிகினு நிக்கணும்."

முதலாளியிடம் பேசி அவளைத் திரும்ப எடுத்துக்கொள்ளச் சொல்கிறேன் என்றேன்.

"உன் வேலை கீதா?"

"இருக்கு."

"கெடங்கு வேலையும் உங்கிட்டதானே?"

"ஆமா."

"நான் வரல ணா. வந்தா மறுபடியும் உங்கிட்டதான் ஃபைல குடுக்கணும்."

கோபமாகச் சொல்லவில்லை. பஸ் எண்ணைச் சொல்வதுபோலச் சொன்னாள். பிறகு திரும்பிக் கூடத்தை நோக்கி நடந்தாள். நான் நின்ற இடத்திலிருந்து படிக்கட்டு தெரிந்தது. நாலு பெண்கள் நனைந்த வலைமூட்டை ஒன்றைத் தூக்கிப் படியேறிக்கொண்டிருந்தார்கள். அவள் புடவையைச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கி, கீழ்ப்பக்கம் தொங்கிய நுனியைத் தோளில் தாங்கினாள். யாரும் அவளிடம் பேசியதாகத் தெரியவில்லை. பெரியப்பா மட்டும் படியில் சற்று ஒதுங்கி உட்கார்ந்து வழிவிட்டார்.